பல் இருக்கிறது, ஆளைக் காணோம்

என் கிளினிக் மேசையில் பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் கிடக்கிறது. மனிதப் பல் இல்லை. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் அகலம், தேன் நிறத்தில் மேல்பகுதி, காய்ந்த களிமண் நிறத்தில் வேர். நாற்காலியில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைகளின் உள்ளங்கையில் இதை வைத்துவிட்டால் ஐந்து நிமிஷம் அழுகை நிற்கும். அந்த ஐந்து நிமிஷம் எனக்குப் போதும்.

போன மாதம் முன்பல் ஆடுகிறது என்று ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, "ரம்பம் மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம், "இதோட ஆள் எங்கே டாக்டர்?" என்று கேட்டாள்.

ஆள் இல்லை, பல் மட்டும்தான் என்றேன். அவள் நம்பினமாதிரி தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னோடு வீடு வரைக்கும் வந்துவிட்டது.

பல்லின் சொந்தக்காரர் பெயர் ஸ்குவாலிகோராக்ஸ். இன்றைய மொராக்கோவின் மேல் கடல் கிடந்த காலத்தில், கிரெட்டேசியஸ் யுகம் முடியும் தறுவாயில், சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுறா. அங்கே கூரிப்கா பக்கத்துப் பாஸ்பேட் சுரங்கங்களில் இந்தப் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உரத்துக்காகத் தோண்டுகிறார்கள், சுறாப் பல் கூடவே வருகிறது. பெயரில் உள்ள கோராக்ஸ் என்பது அண்டங்காக்கையைக் குறிக்கும் சொல். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து அலகு மாதிரி இருப்பதைப் பார்த்தால், பெயர் சும்மா வைக்கப்படவில்லை என்று எனக்குத் தோன்றும்.

சரி, ஏன் பல் மட்டும்?

சுறாவுக்கு எலும்பு கிடையாது. உடம்பெல்லாம் குருத்தெலும்பு. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே, அதே ஜாதி. தாடையும் அதுதான். அதன் மேல் சுண்ணாம்புச் சத்து ஏறிய குட்டிக் குட்டிச் சில்லுகள் மொசைக் தரை மாதிரி பதிந்திருக்கும். செத்தபின் குருத்தெலும்பு மக்கிவிடும், சில்லுகள் உதிர்ந்து கலைந்துவிடும். முதுகுத்தண்டின் வட்டுகளில் சுண்ணாம்பு கொஞ்சம் கெட்டியாக ஏறுவதால் அவை சில சமயம் தப்பிக்கும். மற்றபடி மிஞ்சுவது பல்.

அதுவும் ஒன்றிரண்டு பல்லா? மனிதனுக்கு வாழ்நாளில் பால் பல் 20, நிலைப்பல் 32, அவ்வளவுதான் கணக்கு. சுறாவுக்கு முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று எஸ்கலேட்டர் படி மாதிரி ஏறி வந்துகொண்டே இருக்கும். ஆயுளில் ஆயிரக்கணக்கில் உதிர்க்கும். நம் பல்லுக்குத் தாடை எலும்பில் குழி இருக்கிறது, அதனால்தான் பிடுங்க எனக்கு அவ்வளவு பாடு. சுறாப் பல்லுக்குக் குழி இல்லை. நார்களால் கட்டப்பட்டு நிற்கிறது, அழுத்திக் கடித்தால் கையோடு போய்விடும்.

இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, இது எங்கள் தொழில்காரர்கள் கண்ணில்தான் முதலில் படும். குழந்தைகள் விழுந்த பால் பல்லைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். அதில் வேர் இருக்காது. கீழிருந்து நிலைப்பல் வரும்போது பால் பல்லின் வேர் கரைந்துவிடும், வெறும் தொப்பிதான் கழன்று விழும். சுறா அப்படி இல்லை, வேரோடு உதிர்க்கும். என் மேசைப் பல்லில் வேர் முழுசாக இருக்கிறது, நுனி லேசாக மழுங்கியிருக்கிறது. வேலை பார்த்து ஓய்வு பெற்ற பல். சில சமயம் வேரே இல்லாமல், உள்ளே கூடாக இருக்கும் பற்களும் கிடைக்கும். அவை பின்வரிசையில் வளர்ந்துகொண்டிருந்தவையாக இருக்கலாம். அப்படியானால் தானாக உதிர்ந்திருக்காது, சுறாவே அங்கே செத்துக் கலைந்திருக்க வேண்டும்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்தச் சுறாக்களுக்கு உடம்பே போய் பல் மட்டும் நின்றிருக்கிறது, சொல் முழுக்க அதில்தான் இருக்கிறது.

பல் என்று ஒத்துக்கொள்ளவே மனிதர்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது என்பது வேறு கதை. ஐரோப்பாவில் இவற்றை நாக்குக் கற்கள் என்றார்கள். நிலா தேயும்போது வானத்திலிருந்து விழுபவை என்று ரோமானியர் பிளினி எழுதி வைத்துவிட்டுப் போனார். 1666-ல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை நிக்கோலஸ் ஸ்டீனோ என்ற டேனிஷ் உடற்கூறு நிபுணரிடம் வந்தது. அறுத்துப் பார்த்தவர், வாய்க்குள் இருப்பதும் நாக்குக் கல்லும் ஒரே அச்சு என்று அடுத்த வருஷமே எழுதினார். வாயைத் திறந்து பார்த்தால் தெரிகிற விஷயம்தான். திறந்து பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் எனாமல் பெரும்பாலும் ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கனிமம். சுறாப் பல்லின் மேல்தோல் ஃப்ளோர் அபடைட். பற்பசையில் ஃப்ளோரைடு எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். நம் எனாமலைக் கொஞ்சமாவது அந்தப் பக்கம் நகர்த்தப் பார்க்கிறோம், ஏனென்றால் அது அமிலத்துக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது. அதனால் சுறாப் பல் நம் பல்லைவிடப் பல மடங்கு கடினம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2012-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மேக்கோ சுறா, புலிச் சுறா இரண்டின் பற்களையும் மனிதப் பல்லோடு சேர்த்து வைத்து அளந்தார்கள். கடினத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சுறாப் பல்லில் சொத்தை விழாததற்கு நான் வேறொரு காரணமும் சொல்வேன்: அடிக்கடி உதிர்ந்துகொண்டே இருக்கும் பல்லில் சொத்தைக்கு ஏது நேரம்.

இந்தக் கனிமம் லேசில் மாறாது என்பதால் அதற்குள் சிக்கிய ஆக்சிஜனும் அப்படியே இருக்கிறது. ஆக்சிஜனில் கனமானது, லேசானது என்று வகைகள் உண்டு. பல் உருவானபோது சுற்றியிருந்த நீர் எவ்வளவு குளிரோ அதற்கேற்பக் கனமான வகை பல்லில் கூடும். பல்லைத் துளி பொடி செய்து அளந்தால், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் வெப்பநிலையைக் கணக்கிடலாம். நான் தினமும் டிரில் வைத்துப் பறக்கவிடும் அந்தப் பொடிதான். பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

முதல் பல் கொடுத்த ஆசையில் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன். மணல் கல் ஒன்றில் தாடைத் துண்டு, அதில் வரிசையாக மூன்று பற்கள். யாரிடம் வாங்கினேன் என்பது இங்கே வேண்டாம். வீட்டுக்கு வந்து, அறுவைக்குப் போடும் லூப்ஸை, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை, மாட்டிக்கொண்டு பார்த்தேன். நடுப்பல்லின் நுனி மற்ற இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பொதுவாகச் சுறாத் தாடையில் பக்கவாட்டுப் பற்களின் நுனி வாயின் மூலையைப் பார்த்துச் சாயும். இடது பக்கத்துப் பல்லை வலது பக்கத்தில் வைத்தால் ஒரு பல் மருத்துவருக்குத் தெரியாமல் போகுமா? வேரைச் சுற்றியிருந்த 'கல்'லில் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குமிழிகள். பல் அடைக்கும்போது கலவையை அவசரமாகக் குழைத்தால் வருகிற அதே குமிழிகள். பல்லைக் குத்திப் பார்க்கும் கூர்க்கம்பியால் சுரண்டினேன். பசையும் மணலும் சேர்ந்து பொலபொலவென்று உதிர்ந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினேன். பசை பளிச்சென்று ஒளிர்ந்தது.

பற்கள் மூன்றும் அசல். தாடைதான் போலி. கோபம் வந்தாலும், ஒரு பக்கம் சிரிப்பும் வந்தது. எங்களிடம் வரும் செயற்கைப் பல்செட்டுக்கு நேர் எதிர் வேலை.

ஆனால் வெவ்வேறு சுறாவின் பற்களை ஒரே தாடையில் ஒட்டுவது வியாபாரிகள் செய்த தப்பு என்றால், ஒரே சுறாவின் பற்களைப் பிரித்துப் பல சுறாக்களாக ஆக்கியது அறிஞர்கள் செய்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சுறா வாய்க்குப் பொருந்தாது. முன்னால் இருக்கும் பல் நெட்டையாக நிமிர்ந்து நிற்கும். பக்கத்தில் இருப்பது அகலமாகச் சாய்ந்திருக்கும். மூலையில் இருப்பது குட்டையாக வேறு ஜாதி மாதிரி இருக்கும். உங்கள் வெட்டுப்பல்லையும் கடைவாய்ப்பல்லையும் தனித்தனியாக இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு விலங்கு என்றுதான் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தனிப் பற்களுக்குப் பெயர் மேல் பெயர் வைத்தார்கள். சுவிஸ் நாட்டு அறிஞர் லூயி அகாசி வழிகாட்ட, மற்றவர்கள் தொடர்ந்தார்கள்.

இதற்கு விடை கிடைத்தது அமெரிக்காவின் கான்சாஸில். இன்று கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும் அந்த நிலம் அன்று ஆழமற்ற ஒரு கடலின் அடித்தரை. அங்கே நயோப்ரரா சுண்ணப்பாறையில் 1890-வாக்கில் புதைபடிவம் தேடுகிற சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க், கிரெட்டாக்சிரைனா என்ற சுறா ஒன்றை எடுத்தார். முதுகுத்தண்டு ஏறக்குறைய முழுசாக இருந்தது, கூடவே சுமார் 250 பற்கள். ஒரே ஆளின் வாய்! சார்லஸ் ஈஸ்ட்மன் அதை 1894-ல் விவரித்தபோது, தனித்தனி இனங்கள் என்று பெயர் பெற்றிருந்த பல பற்கள் இந்த ஒரே வாயில் பக்கத்துப் பக்கத்து இடங்கள் என்று தெரிந்தது. அந்த எலும்புக்கூடு ஜெர்மனியின் மியூனிக்குக்குப் போனது. 8 கோடி ஆண்டுக்கு மேல் பாறைக்குள் பத்திரமாக இருந்தது, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்துபோனது. நல்லவேளை, கான்சாஸில் பின்னாலும் நல்ல எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றை வைத்து கென்ஷு ஷிமாடா என்ற ஆய்வாளர் இந்தச் சுறாவின் வாயை இடம் இடமாக, எந்தப் பல் எங்கே என்று வரைந்திருக்கிறார். எங்கள் கல்லூரி நாட்களின் பல் வரைபடங்களைப் பார்ப்பது மாதிரியே இருக்கும்.

கிரெட்டாக்சிரைனா 6, 7 மீட்டர் வரை வளர்ந்த சுறா. பல்லில் ரம்பம் கிடையாது, வழவழப்பான கத்தி. என்ன தின்றது என்று ஊகிக்க வேண்டியதில்லை, கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். ஒன்றின் வயிற்றுப் பகுதியில் ஜிஃபாக்டினஸ் என்ற ராட்சத மீனின் எலும்புகள் இருந்தன. இன்னொன்று இதைவிடச் சுவாரஸ்யம். லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் ஒரு டெரனோடான் இருக்கிறது. இறக்கை விரித்தால் 5 மீட்டர் வரும் பறக்கும் ஊர்வன. 1960-களில் கான்சாஸில் தோண்டியது. அதன் கழுத்தெலும்பில் ஒரு கிரெட்டாக்சிரைனா பல் செருகிக்கொண்டிருக்கிறது. பல்லின் நீளம் 24 மில்லிமீட்டர். 2018-ல் டேவிட் ஹோன், மார்க் விட்டன், மைக்கேல் ஹபீப் மூவரும் இதை ஆராய்ந்து, தற்செயலாகப் பக்கத்தில் விழுந்து ஒட்டிய பல் இல்லை, கடித்தபோது மாட்டிக்கொண்டதுதான் என்றார்கள். கடித்த சுறா சுமார் இரண்டரை மீட்டர்தான் இருந்திருக்கும். டெரனோடான் மாதிரிகள் 1,100-க்கு மேல் கிடைத்திருக்க, வேட்டை விலங்கு தீண்டிய தடயம் உள்ளவை ஏழுதான்.

செய்திகளில் இதைப் போட்டபோது, சுறா தண்ணீரிலிருந்து எகிறிப் பறக்கும் டெரனோடானைக் கவ்வுவதாகப் படம் வரைந்திருந்தார்கள். இருக்கலாம். செத்து மிதந்ததைக் கடித்திருக்கவும் கூடும். எனக்கு அந்த எலும்பின் படத்தைப் பார்த்ததும் முதலில் தேடத் தோன்றியது ஒன்றுதான்: பல்லைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறதா? இல்லை. ஆறியிருந்தால் உயிரோடு தப்பியது என்று அடித்துச் சொல்லலாம். ஆறாவிட்டால் கடிபட்டதும் செத்ததா, செத்தபின் கடிபட்டதா என்று சொல்ல முடியாது.

ஆறிய காயமும் இருக்கிறது. மோசசார் என்ற கடல் ஊர்வனவின் முள்ளெலும்புகளில் சுறாப் பல்லின் நுனி உடைந்து புதைந்து, அதைச் சுற்றி எலும்பு கன்னாபின்னாவென்று வளர்ந்து, பக்கத்து எலும்போடு ஒட்டிக்கொண்ட உதாரணங்கள் கிடைத்திருக்கின்றன. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சீழ் கட்டிய பல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் படம் புரியும். அந்த விலங்கு கடிபட்டது, தப்பியது, சீழ் பிடித்தது, அந்த வலியோடு நீந்திக்கொண்டு நாள் கடத்தியது. எலும்பு வளர அவகாசம் கிடைத்திருக்கிறதே.

என் மேசைக்காரர் ஸ்குவாலிகோராக்ஸ் இந்த அளவு வீரம் காட்டியதாகத் தெரியவில்லை. கிடைத்ததைத் தின்றிருக்கிறார். தரையில் வாழ்ந்த வாத்தலகு டைனோசர் ஒன்றின் பாத எலும்பில் இவருடைய பல் பதிந்து கிடைத்திருக்கிறது. டைனோசர் கடலில் நீந்தப் போயிருக்காது. கரையில் செத்து, ஆற்றோடு அடித்து வரப்பட்டு, வீங்கி மிதந்திருக்கும். இவர் காலைக் கடித்திருக்கிறார். பெயரில் காக்கை இருப்பது வேறு வகையிலும் பொருத்தம்தான்.

இந்தப் பல்லைப் புலிச் சுறாவின் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்பீர்கள். இரண்டுக்கும் சாய்ந்த நுனி, இரண்டுக்கும் ரம்பம். ஆனால் உறவு கிடையாது. ஸ்குவாலிகோராக்ஸ் சேர்ந்தது வெள்ளைச் சுறாவும் மேக்கோவும் உள்ள வரிசையில் என்கிறார்கள். புலிச் சுறா வேறு வரிசை. ஒரே வேலைக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கருவியைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஜப்பான் கதையைச் சொல்லாமல் போக மனசில்லை. 1968-ல் தடாஷி சுசுகி என்ற பள்ளி மாணவர் ஃபுகுஷிமா பகுதியில் ஓர் ஆற்றங்கரைப் பாறையில் எலும்புகளைக் கண்டார். நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன அது. 2006-ல்தான் ஃபுடாபாசாரஸ் சுசுகி என்று முறையாகப் பெயர் வைத்தார்கள். எலும்புகளோடு எண்பதுக்கும் மேற்பட்ட சுறாப் பற்கள் இருந்தன, சில எலும்பில் குத்திக்கொண்டே இருந்தன. எல்லாம் கிரெட்டலாம்னா என்ற சுறாவின் பற்கள். பற்களின் அளவையும் வாயில் அவை இருந்திருக்கக்கூடிய இடத்தையும் பிரித்துப் பார்த்து, குறைந்தது ஆறேழு சுறாக்கள், சின்னதும் பெரிதுமாக வந்து தின்றிருக்கின்றன என்று 2010-ல் ஷிமாடா குழு கணக்கிட்டது. வளர்ந்த ஒருவர் வாயில் இரண்டு அளவுக் கோரைப்பல் இருக்க முடியாது என்கிற அதே கணக்குதான். ஒரு விருந்துக்கு வந்தவர்களை, அவர்கள் விட்டுப்போன பற்களை வைத்துத் தலை எண்ணியிருக்கிறார்கள். இந்தக் கிரெட்டலாம்னாவின் குடும்பத்தில்தான் கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து மெகலடான் வந்தது என்பது பரவலான கருத்து.

பல் சொல்லாததை முதுகுத்தண்டு சொல்லும். கான்சாஸில் ஒரு பண்ணை நிலத்தில் 2010-ல் கிடைத்த சுறா இதற்கு நல்ல சாட்சி: 134 பற்கள், 61 முள்ளெலும்புகள், 23 தோல் செதில்கள். ஷிமாடாவும் மைக்கேல் எவர்ஹார்ட்டும் 2019-ல் கிரெட்டோடஸ் ஹவுட்டனோரம் என்று, நிலத்துக்காரக் குடும்பத்தின் பெயராலேயே அதை அழைத்தார்கள். மரத்தில் ஆண்டு வளையம் இருப்பது போல முள்ளெலும்பு வட்டிலும் வளர்ச்சிப் பட்டைகள் உண்டு. எண்ணினால் வயது. முதல் பட்டை இருக்கும் இடத்தை வைத்துப் பிறந்தபோது எவ்வளவு நீளம் என்பதும் கிடைத்துவிடும். இந்தச் சுறா 5 மீட்டருக்கு மேல் இருந்தது. பிறந்தபோதே சுமார் 1.2 மீட்டர். அவ்வளவு பெரிய குட்டியாகப் பிறக்க வேண்டுமென்றால் தாயின் வயிற்றுக்குள்ளேயே நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். என்ன சாப்பிட்டது? கூடப் பிறக்க இருந்தவர்களை என்கிறார்கள். இன்றும் வெள்ளைச் சுறா வரிசையைச் சேர்ந்த சில சுறாக்களில் இது நடக்கிறது. இதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் ரிமோட்டுக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்திரேலியாவின் டார்வின் அருகே கிடைத்த முள்ளெலும்புகள் 11.5 கோடி ஆண்டுப் பழையவை. 2025-ல் வெளிவந்த ஆய்வின்படி அந்தச் சுறா 6 முதல் 8 மீட்டர். இந்த வரிசைச் சுறாக்கள் இவ்வளவு முன்பே பெருத்துவிட்டன என்பது அதுவரை தெரியாது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்தபோது சுறாக்கள் தப்பித்துக்கொண்டன என்று பொதுவாகச் சொல்வார்கள். தப்பித்தன, ஆனால் முழுசாக இல்லை. கியோம் கினோவும் ஃபேபியன் கொண்டமீனும் 2023-ல் வெளியிட்ட கணக்கில் சுறா, திருக்கை இனங்களில் 62 சதவீதத்துக்கு மேல் அந்த எல்லையில் காணாமல் போகின்றன. அடி அதிகம் விழுந்தது திருக்கைகளுக்கு. என் ஸ்குவாலிகோராக்ஸும் அங்கேயே முடிந்துபோகிறது. கிரெட்டாக்சிரைனா அதற்கு வெகு முன்பே போய்விட்டது.

இனி நான் தப்பு பண்ணிய கதை, இரண்டு.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மா பல் சுத்தம் செய்ய வந்தார். மேல் வெட்டுப்பல்லின் விளிம்பில் சின்னதாக, ஒழுங்காக ஒரு பள்ளம். பாடத்தில் படித்த படம் அப்படியே கண்முன்னே. ஊசியைப் பல்லில் கவ்வி வேலை செய்கிற தையல்காரர்களுக்கு வரும் பள்ளம். கெத்தாக, "எத்தனை வருஷமா தைக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் முழித்தார். ஊசியில் நூல் கோக்கவே தெரியாதாம், வங்கியில் வேலையாம். அப்புறம் விசாரித்தால், தினமும் காலையில் ஹேர்பின்னைப் பல்லால் விரிக்கிற பழக்கம், பள்ளிக்கூட நாளிலிருந்து. பல் சொன்னது சரி. கம்பியைக் கவ்வியிருக்கிறார். ஆளைத்தான் நான் தப்பாகக் கட்டினேன்.

இரண்டாவது தப்பு டைகோடஸ் என்ற பழங்காலச் சுறா. இது நான் மட்டும் பண்ணியது இல்லை. அகாசி 1830-களில் பெயர் வைத்த நாளிலிருந்து 180 ஆண்டுக்கு மேல் உலகமே பண்ணியது. டைகோடஸின் பல் கூரானது இல்லை. சதுரமாக, தடியாக, நடுவில் மேடு, மேட்டில் வரி வரியாக வரப்புகள். நூற்றுக்கணக்கில் நெருக்கி அடுக்கி, தளக்கல் பதித்த முற்றம் மாதிரி ஒரு வாய். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், இந்தியா என்று பல இடங்களில் பல் கிடைத்தது. பல்தான் கிடைத்தது. முதல் முறை படம் பார்த்ததும் நானும் சொன்னேன்: இது கடைவாய்ப்பல், அரைக்கிற வாய், கடலடியில் சோம்பேறித்தனமாக ஊர்ந்து சிப்பி பொறுக்குகிற ஆள். திருக்கை மாதிரி தட்டையாக வரைந்தார்கள். வேறு சிலர் பழங்காலத்து முள்முதுகுச் சுறாக்களோடு சேர்த்தார்கள். பல்லைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் வயெசீயோ என்ற இடம். அங்கே சுண்ணாம்புக் கல்லைப் பலகை பலகையாக வெட்டி எடுக்கும் குவாரிகள் இருக்கின்றன. சுமார் 9.3 கோடி ஆண்டுக்கு முந்தைய கடற்சேறு அது. அந்தப் பலகைகளுக்கு நடுவில் டைகோடஸ் முழு உடம்போடு கிடைத்தது. துடுப்புகள், வால், உடம்பின் வெளிக்கோடு எல்லாம் அச்சு எடுத்த மாதிரி. ரொமைன் வுல்லோ குழு 2024-ல் வெளியிட்டது. திருக்கை இல்லை, சோம்பேறி இல்லை. வெள்ளைச் சுறா வரிசையைச் சேர்ந்த, கட்டான உடம்பும் பிறை வாலும் கொண்ட வேக நீச்சல்காரர். பெரியவை 9 மீட்டரைத் தாண்டியிருக்கும். அந்தப் பல் நசுக்கியது அடித்தரைச் சிப்பியை மட்டும் இல்லை, நடுக்கடலில் நீந்திய, சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளையும் ஒருவேளை ஆமைகளையும் துரத்திப் பிடித்து நசுக்கியிருக்கும் என்கிறார்கள்.

பல் ஒரு பொய்யும் சொல்லவில்லை பாருங்கள். ஓட்டை நசுக்குகிறேன் என்றது, நசுக்கியது. ஓடு எங்கே இருந்தது, எவ்வளவு வேகமாகப் போய் நசுக்கியது என்று நாம்தான் சேர்த்துக்கொண்டோம். செய்தியைப் படித்ததும் ஹேர்பின் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

அதே வயெசீயோவில் 2012-ல் ஒரு குவாரித் தொழிலாளி இன்னொரு விசித்திரத்தைக் கண்டார். 2021-ல் வுல்லோ குழு அதற்கு அக்விலோலாம்னா என்று பெயர் வைத்தது. கழுகுச் சுறா என்று சொல்லலாம். நீளம் சுமார் 1.65 மீட்டர். பக்கத் துடுப்புகளின் விரிவு 1.9 மீட்டர். நீளத்தைவிட அகலம் கூட! உடம்பும் வாலும் சுறா, துடுப்பு மேன்டா திருக்கை. தலை அகலம், வாய் பெரிது. மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றிருக்கும் என்று ஊகிக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வரிசைச் சுறா என்பதிலேயே சண்டை.

காரணம் என்ன தெரியுமா? உடம்பு இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, வால் இருக்கிறது. பல் கிடைக்கவில்லை. ஒன்றுகூட இல்லை.

அந்தப் படத்தை என் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். கல்லோடு கல்லாக, கைகளை விரித்துக்கொண்டு படுத்திருக்கிறது. அடுத்த தடவை அந்தப் பெண் வந்தால் இதைத்தான் காட்டப் போகிறேன். ஆள் எங்கே என்று கேட்டாயே, இதோ ஆள். வாயைத்தான் திறக்க மாட்டேன் என்கிறார்.